ஒரு மணி நாற்பது நிமிஷம்

பதினேழு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரின் கண்ணெதிரே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. எஞ்சின் விளக்கு. பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு யார்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவர் காது எஞ்சினிலேயே இருந்தது. எங்கேயாவது தட்டுகிறதா, இழுவை குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எட்டரைக்கு வண்டியை நிறுத்தினார். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்தார். மெக்கானிக்கிடம் சொல்ல நேராக ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தார்.

வண்டியை நிறுத்தியதும் கடைசி வரிசை வரை நடந்து, சீட்டு சீட்டாகப் பார்த்து, பின்கண்ணாடியில் ‘காலி’ என்ற அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக அதைச் செய்கிற உதவியாளம்மா அன்றைக்கு லீவு. அந்த அம்மா வராத நாளில் அது டிரைவரின் வேலை. பதினேழு வருஷத்தில் எத்தனையோ தடவை செய்திருக்கிறார். அன்றைக்குச் செய்யவில்லை.

கடைசி சீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, பள்ளிப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு அந்த விளக்கைப் பார்க்க வந்தபோது மணி பத்து பத்து. கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. குழந்தை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தது. அழுது ஓய்ந்த முகம். கையில் காலித் தண்ணீர் பாட்டில்.

“நான் ஹாரன் அடிச்சேன். சத்தமே வரல” என்றது.

சாவி போடாமல் அந்த வண்டியில் ஹாரன் அடிக்காது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார்கள், அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள். வண்டிக்கும் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு ஒயர் லூஸாகி விளக்கு எரிந்திருந்தது, அவ்வளவுதான். விசாரணையில் டிரைவர் எதையும் மறைக்கவில்லை. உதவியாளம்மா லீவு என்பதைக்கூட அவர்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். ஒரு மாதம் வேலைக்கு வரக் கூடாது, அதன்பின் மறு உத்தரவு வரும்வரை வண்டி ஓட்டாமல் டயர் பிரிவில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. குழந்தையின் வீட்டாரைப் போய்ப் பார்க்கவோ எழுதவோ கூடாது என்றும் சொன்னார்கள்.

“பொழச்சீங்க. வேற இடமா இருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்றார் மேனேஜர்.

பிழைத்தது மாதிரி டிரைவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் முதலில் தலையணை போனது. கட்டிலை விட்டுத் தரையில் படுத்தார். பிறகு டீயில் சர்க்கரை போனது, பிறகு டீயே போனது. டிவி ஓடினால் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். யாராவது ஏதாவது சொல்லிச் சிரித்தால், தான் சிரிக்கக் கூடாது என்பது சட்டென்று ஞாபகம் வந்தவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார். பஸ்ஸில் போகாமல் வேலைக்கு ஏழு கிலோமீட்டர் நடந்தார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் விட்டு, வெளியே வருவதை மடிப்பாள். எதையும் சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமில்லாதவள்.

“தலகாணி உங்கள என்ன பண்ணுச்சு?” என்று கேட்டாள்.

“வேணாம், விடு.”

“டீ?”

“விடுன்னு சொன்னேன்ல.”

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று அவளும் விட்டாள். அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டயர் பிரிவு ஆட்கள் ஷெட்டுக்குள் போனதும், டிரைவர் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்து யார்டின் பின்பக்கம் போவார். பகலில் வண்டிகளெல்லாம் அங்கே நிற்கும். தான் ஓட்டிய வண்டியில் ஏறி, ஜன்னல்களை மூடி, கதவைச் சாத்தி, கடைசி சீட்டில் உட்காருவார். ஒரு மணி நாற்பது நிமிஷம். சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம்தான். மிச்ச நாற்பது நிமிஷத்தைச் சாயங்காலம் கூட இருந்து வேலை செய்து ஈடு கட்டினார். டயர் பிரிவு மேஸ்திரியும் கண்டுகொள்ளவில்லை. வேலை நடந்தால் சரி என்கிற ஆள் அவர்.

பதினோரு வாரம் இது நடந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, பிரேக் பார்க்க வந்த மெக்கானிக் கதவைத் திறந்தார். கடைசி வரிசையில் டிரைவர் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் ம் என்றார், அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

“அண்ணே! அண்ணே, என்னண்ணே இது!” என்று கத்தியபடி அவரை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார் மெக்கானிக். இதே வண்டியிலிருந்து அவர் தூக்கி இறக்கிய இரண்டாவது ஆள்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். மனைவி கீழே சலவைப் பிரிவிலிருந்து ஏப்ரனோடு ஏறி வந்தாள். மெக்கானிக் நடந்ததைச் சொன்னார். டயர் பிரிவில் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொன்னார். அவள் கேட்டு முடித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணவர் படுத்திருந்த விரிப்பின் மடிப்பை இழுத்துவிட்டாள்.

“உள்ள உக்காந்து என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். கைக்கடியாரத்தப் பாத்துட்டிருப்பேன்.”

“அந்தக் கொழந்தைக்கு அதுல ஏதாவது ஆகுதா?”

அவர் சலைன் பாட்டிலைப் பார்த்தார்.

“எனக்கு ஆகுது” என்றாள். “இன்னும் அரை மணி போயிருந்தா நீங்க இல்ல. அந்தக் கொழந்த பெருசானதும், தன்னால ஒரு ஆளு செத்தான்னு யாராவது அதுகிட்ட சொல்லுவாங்க. அதையும் யோசிச்சுதான் உக்காந்தீங்களா?”

அதை அவர் யோசிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்கு அது தெரிந்தது. அழவில்லை, ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு கீழே போனாள். ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது.

அந்த வாரமே அவரைத் தன் யோகா வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோள்பட்டை வலிக்காக அவள் ஒரு வருஷமாகப் போய்வரும் வகுப்பு. நகராட்சி நீச்சல்குளத்துக்கு மேலே ஒரு ஹால். வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறரைக்கு. கீழேயிருந்து குளோரின் வாசனை ஏறி வரும். சொல்லிக்கொடுக்கிற டீச்சர் மற்ற நேரத்தில் அதே குளத்தின் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறவர். டிரைவரின் வயதுதான் இருக்கும். ஆள் நல்ல கனம். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். யோகா டீச்சர் என்றால் நாணல் மாதிரி இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போன டிரைவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

“குனிஞ்சு காலத் தொடணும்னு யாரும் சொல்லல” என்றார் டீச்சர் எல்லோரையும் பார்த்து. “எனக்கு நடுவுல தொப்பை நிக்குது. அது எவ்வளவு தூரம் விடுதோ அவ்வளவுதான் நான் போவேன். நீங்களும் உங்க உடம்ப கேட்டுட்டுப் போங்க.”

டிரைவர் உடம்பைக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக் குனிந்தார். கெண்டைக்கால் நரம்பு வெட்டி இழுத்தது, விடவில்லை. மூச்சை அடக்கச் சொன்னபோது முகம் கருத்துப்போகும் வரை அடக்கினார். கைகளைத் தூக்கி நிற்கச் சொன்னால், எல்லோரும் இறக்கிய பிறகும் தோள் நடுங்க நின்றார். இரண்டு வாரம் டீச்சர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டும்போது அவரை நிறுத்தினார்.

“சார், நீங்க இங்க உடம்ப சரிபண்ண வர்றீங்களா, உதைக்க வர்றீங்களா?”

டிரைவருக்குச் சுருக்கென்றது. “கஷ்டப்பட்டாத்தான வரும். தவம்னு நீங்கதான போன வாரம் சொன்னீங்க?”

“சொன்னேன். தவம்னா அடுப்புல தீ மூட்டற மாதிரி. சோறு வேகணும்னு மூட்டறது. வீட்டக் கொளுத்திட்டு நானும் தீ மூட்டினேன்னு சொன்னா ஆகுமா?”

மனைவி ஏற்கெனவே டீச்சரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று டிரைவருக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் மும்முரமாகப் பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பாய்கள் அங்கே இல்லை.

அன்றைக்கு டிக்கெட் கவுன்டருக்குள் இன்னொரு ஸ்டூலைப் போட்டு டீச்சர் அவரை உட்கார வைத்தார். கவுன்டர் திறக்க அரை மணி இருந்தது. டிரைவர் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது, “நான் ஒரு கொலகாரன் டீச்சர்” என்றார்.

“யாரு செத்தா?”

“யாரும் சாகல. ஆனா செத்திருக்கலாம்ல?”

“அப்ப பொய் சொல்றீங்க.”

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்கிறவன் என்று இதுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை.

“யோகத்துல முதல் படியில அஞ்சு விஷயம் இருக்கு” என்றார் டீச்சர். “முதல்ல அகிம்சை. ரெண்டாவது சத்தியம். இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறது சும்மா இல்ல. உங்க தப்ப கொறச்சுச் சொன்னா சத்தியம் போச்சு. கூட்டிச் சொன்னாலும் போச்சு. கூட்டிச் சொல்றது உங்கள அடிக்கறதுக்கு, அதனால அகிம்சையும் சேர்ந்து போச்சு. நீங்க ஒரே நேரத்துல ரெண்டையும் விட்டுட்டு நிக்கறீங்க.”

“அப்ப நான் பண்ணது பெரிய தப்பில்லங்கறீங்களா?”

“பெரிய தப்புதான். யாரு இல்லன்னா? எம் பொண்ணா இருந்தா உங்க சட்டையப் புடிச்சிருப்பேன். அதுக்காக?” டீச்சர் முழங்கால் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். “அகிம்சைன்னா அடுத்தவங்கள அடிக்காம இருக்கறதுன்னு எல்லாருக்கும் தெரியுது. நம்ம தோலுக்குள்ள இருக்கறவனும் ஒரு ஆளுதான்ங்கறது மறந்துடுது. அவன அடிச்சா மட்டும் கேஸ் வராதா?”

“அவனுக்கு வேணும்” என்றார் டிரைவர்.

“சரி, வேணும்னே வெச்சுக்குவோம். எத்தன நாள்? கம்பெனி கூட ஒரு மாசம், டயர் பிரிவுன்னு ஒரு அளவு வெச்சுது. உங்க கோர்ட்டுல தீர்ப்பு எப்ப சார் முடியும்?”

டீச்சர் கவுன்டர் ஜன்னலைத் தூக்கினார். வெளியே துண்டும் நீச்சல் தொப்பியுமாக நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

“ஒரு வேல தர்றேன். நடந்தத ஒரே வரியில சொல்லணும். உள்ளது உள்ளபடி. கூடவும் வேணாம், கொறயவும் வேணாம். அத எழுதிட்டு வாங்க.”

ஒரே வரிதானே என்று நினைத்தார். எட்டு நாள் ஆயிற்று. முதலில் எழுதியதில் ‘பாவி’ இருந்தது. டீச்சர் அதை அடித்தார். அடுத்ததில் ‘கவனக்குறைவாக’ இருந்தது. அது கம்பெனி விசாரணைக் கடிதத்தின் வார்த்தை, உங்களுடையது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்ததில் உதவியாளம்மாவின் லீவும் எஞ்சின் விளக்கும் வந்துவிட்டன. “இது காரணம். நடந்தது இல்ல” என்றார். வீட்டில் டிரைவர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மனைவி, “கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு லெட்டர்கூட இப்படி யோசிச்சு எழுதல” என்றாள்.

கடைசியில் வந்தது இது: ‘அன்றைக்கு நான் கடைசி சீட்டைப் பார்க்கவில்லை, ஒரு குழந்தை ஒரு மணி நாற்பது நிமிஷம் பூட்டிய வண்டியில் தனியாக இருந்தது, பயந்தது.’

டீச்சர் படித்துவிட்டுத் தலையசைத்தார். “இதத்தான் நீங்க தூக்கணும். இவ்வளவுதான் எடை. இதுக்கு மேல தூக்கிட்டிருந்ததெல்லாம் நீங்களா ஏத்துனது.”

அந்த வரியை ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது மனசுக்குள் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு மூச்சு எப்படிப் போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பது டீச்சர் வைத்த பாடம். முதல் நாட்களில் தொடங்கியதுமே வரி அறுந்தது. ‘ஹாரன் அடிச்சேன்’ என்ற குரல் வந்து குறுக்கே நின்றது. எழுந்து ஓடிவிடத் தோன்றியது. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் மனைவியின் மூச்சு கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். இப்படி ஒரு மாதம் போனது. ஒருநாள் வரியை முழுதாகச் சொல்ல முடிந்தது. வலித்தது. ஆனால் வலித்துவிட்டு, அடுத்த மூச்சு தானாக வந்தது.

குனியும்போது இப்போது பாதியில் நிற்கப் பழகினார். அது ஆரம்பத்தில் பெரிய அவமானமாக இருந்தது. தன் விரல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான் எட்டுகிறது. “அங்கயே இருங்க. அதுதான் இன்னிக்கு உங்க இடம்” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் நடப்பார். “இதுக்குப் பேருதான் சந்தோஷம். ஈன்னு இளிக்கறது இல்ல. இன்னிக்கு இருக்கறது போதும்னு அதுல நிக்கறது. நாளைக்கு அரை அங்குலம் கூடப் போனா போகட்டும்.”

வீட்டில் டீ திரும்பி வந்தது. சர்க்கரை வர இன்னும் சில நாள் பிடித்தது. மனைவி கேட்காமலே ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்தார். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தையின் அம்மா அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாளாம்.

“திட்டத்தான் வர்றாங்கன்னு நினைக்கறேன். வேணாம்னா சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் மேனேஜர்.

“வரச் சொல்லுங்க சார்.”

முன்பு இதே செய்தி வந்திருந்தால் அவர் ஓடிப்போய் அவள் காலில் விழுந்திருப்பார். அந்த மாதிரி எத்தனையோ தடவை மனசுக்குள் விழுந்தும் இருக்கிறார். அப்போதெல்லாம் அவள் ஒன்று அறைவாள், இல்லாவிட்டால் மன்னிப்பாள். எது நடந்தாலும் ஒரு முடிவு வந்துவிடும் என்று ஏங்கியிருக்கிறார்.

மீட்டிங் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மேனேஜர் ஓரமாக உட்கார்ந்தார்.

“நான் சண்டை போட வரல” என்றாள். “எனக்குச் சில விஷயம் தெரியணும். எம் பொண்ணு அதப் பத்திப் பேசவே மாட்டேங்கறா. தனியா பாத்ரூம் போக மாட்டேங்கறா. கதவச் சாத்துனா கத்தறா. கவுன்சிலர், அன்னிக்கு என்ன நடந்ததுன்னு தெரிஞ்சா நல்லதுன்னு சொல்றாங்க. உள்ள எப்படி இருந்துச்சு? அவ எங்க உக்காந்திருந்தா? வெளிய ஏதாவது தெரியுமா அவளுக்கு?”

டிரைவர் அந்த வரியைச் சொன்னார். சத்தமாக, முழுதாக, வேறு ஒருவர் முன்னால் முதல் தடவையாக. குரல் உடைய வந்தது. ஒரு மூச்சு விட்டு நிறுத்திக்கொண்டார். அழுதால் இந்தப் பெண் தன்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் அதற்கு வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வரிசை, இடது ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் ஒரு சுவர் மட்டும்தான் தெரியும். முன்பக்கம் வந்தால் ஒர்க்‌ஷாப் கதவு தெரியும். ஆட்கள் நடமாடுவது தெரியும், ஆனால் ஒர்க்‌ஷாப் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. மேலே இரண்டு சின்ன காற்றுத் திறப்புகள் உண்டு, அவை திறந்திருந்தன. ஒன்பதேகால் வரை வண்டி நிழலில் நின்றது, அப்புறம் வெயில் வந்தது. குழந்தை முன்பக்கம் வந்து கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறது. ஹாரனை அமுக்கியிருக்கிறது, மெக்கானிக்கிடம் குழந்தையே சொன்னது. அது ஏன் அடிக்கவில்லை என்பதையும் சொன்னார்.

“ஹாரன் அடிச்சாளா?” அவள் இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

“ஆமாம்மா. சாவி இல்லாததாலதான் அது வேல செய்யல. பாப்பா சரியாத்தான் அமுக்கியிருக்கு. கூப்பிட என்ன வழி உண்டோ அத்தனையும் அது பண்ணியிருக்கு. அது மேல ஒரு தப்பும் இல்லன்னு அதுகிட்ட சொல்லுங்க.”

அவள் கைப்பையை மேஜைமேல் வைத்தாள்.

“அதனாலதான்” என்றாள் மெதுவாக. “வீட்ல காலிங்பெல்ல திரும்பத் திரும்ப அமுக்கிப் பாத்துட்டே இருக்கா. ஏன்னு தெரியாம நான் திட்டிட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதெல்லாம் உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்? நிழல், வெயில், சுவர்…”

“அதே சீட்டுல நான் உக்காந்து பாத்திருக்கேம்மா. காலைல நெழல் எப்ப போகுதுன்னும் நின்னு பாத்தேன்” என்றார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். “நான் உங்கள மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. பொய் சொல்லிட்டுப் போக இஷ்டமில்ல.”

“சரிம்மா.”

“ஆனா கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்க.”

அவள் போன பிறகு டிரைவர் அதே நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். மன்னிக்கவில்லை என்ற வார்த்தை உள்ளே போய் எங்கே இடிக்கும் என்று டிரைவர் காத்திருந்தார். இடித்தது. தாங்க முடிந்தது. மன்னிக்காமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. தன்னை என்ன செய்வது என்பதை மட்டும் அவளிடம் கேட்டு நின்றுகொண்டிருக்க முடியாது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். சாப்பிட்டார். கட்டிலில் ஏறிப் படுத்தார். “தலகாணி எங்க?” என்று கேட்டார். மனைவி தன் தலைக்குக் கீழே இரண்டாவதாக வைத்திருந்ததை உருவிக் கொடுத்தாள்.

மறு வருஷம் பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போது மேனேஜர் கேட்டார்: திரும்ப வண்டி எடுக்கிறீர்களா? தேர்வு ஒன்று உண்டு, டாக்டர் சான்றிதழ் வேண்டும். மற்றபடி தடையில்லை.

“யோசிச்சுச் சொல்றேன் சார்.”

வாயில் ‘வேணாம்’ என்றுதான் வந்தது. டயர் பிரிவு பழகிவிட்டது. கையில் கறுப்பு, காதில் காற்றழுத்த மெஷினின் சத்தம், தன்னால் யாருக்கும் ஆபத்தில்லை. இருப்பது போதும் என்று நிற்பதுதானே சந்தோஷம்? டீச்சரிடம் அப்படியே கேட்டார்.

“நல்லாப் பேசறீங்க. வகுப்ப நீங்களே எடுக்கலாம்” என்றார் டீச்சர். “போதும்ங்கற வார்த்தைய எல்லாரும் சொல்லுவாங்க சார். பயந்தவனும் சொல்லுவான், வயிறு நெறஞ்சவனும் சொல்லுவான். உங்களுது எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?”

டிரைவர் இரண்டு நாள் தன்னையே விசாரித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் டயர் மாட்டிய வண்டி ஒன்றை யார்டுக்குள் பத்து மீட்டர் நகர்த்த வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் தோள் தானாக இறங்கி உட்கார்ந்தது. அப்போது தெரிந்துவிட்டது. பிடித்த வேலையை வேண்டாம் என்று சொல்லி, இன்னும் ஒரு தடவை தன்னை அந்தக் கடைசி சீட்டில் உட்கார வைக்கப் பார்த்திருக்கிறார். தேர்வு எழுதினார்.

“எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன்” என்றார் வீட்டில்.

“அப்ப காலைல நாலரைக்கு எழுப்பணும் உங்கள. எனக்கு வந்த வேலதான்” என்றாள் மனைவி. ஆனால் சட்டைகளை எடுத்து அன்றைக்கே இஸ்திரி போட்டாள். வேலையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வீட்டில் அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தவள்.

புது வழித்தடம், புதுப் பிள்ளைகள். முதல் மூன்று நாள் குறையில்லாமல் போயிற்று. ஒவ்வொரு நடை முடிவிலும் அவரும் உதவியாளம்மாவும் தனித்தனியாகக் கடைசி வரிசை வரை நடந்து பார்த்தார்கள். நாலாம் நாள் காலை, மருந்துக்கடை மூலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் இடப்பக்கம் திரும்பிவிட்டார். முப்பத்தொரு பிள்ளைகள் உள்ளே. தெரு போகப் போகக் குறுகி, ஒரு மர அறுவை ஆலையின் கேட்டில் போய் முடிந்தது.

“டிரைவர் மாமா, நம்ம ஸ்கூலு மாத்திட்டாங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள். வண்டியே சிரித்தது.

டிரைவரின் காது சூடாயிற்று. ‘பாவி’ என்ற பழைய குரல் எழுந்தது. ஒரு மூச்சு விட்டார்.

“தப்பான தெரு” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “நான்தான் திரும்பிட்டேன். எல்லாரும் உக்காருங்க, பின்னாடி எடுக்கப்போறேன்.”

உதவியாளம்மா இறங்கிப் பின்னால் போய் நின்று கையைக் காட்டினாள். ஆலையிலிருந்து ஒருவர் வந்து கேட்டைத் திறந்துவிட்டார். மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்து, மரத்தூள் குவியலில் படாமல் வண்டியைத் திருப்பினார். பள்ளிக்கு ஆறு நிமிஷம் தாமதம். வாசலில் நின்ற ஆசிரியையிடம், “மருந்துக்கடைகிட்ட தப்பா திரும்பிட்டேன் டீச்சர்” என்று சொன்னார். அவர் சரி என்று எழுதிக்கொண்டார். பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். டிரைவர் எழுந்து பின்னால் நடக்க ஆரம்பித்தார்.